ஸ்லம்ப் டெஸ்ட்: புதியவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

ஸ்லம்ப் டெஸ்ட் என்றால், கோன் அச்சில் புதுக் கான்கிரீட்டை அடுக்கடுக்காக நிரப்பிக் கம்பியால் குத்தி, கோனைத் தூக்கியதும் அது எத்தனை மி.மீ. இறங்குகிறது என்று அளப்பது. போன வாரம் சைட்டில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஸ்லம்ப் எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுக்குக்கு 25 குத்து, கோனை நேராகத் தூக்கினார், 110 மி.மீ. எல்லாம் சரி. நோட்டில் எழுதிவிட்டு நகர்ந்தார். உடனே கான்கிரீட் வண்டி டிரைவர் தண்ணீர் ஹோஸைக் கையில் எடுத்தார். ஓடிப்போய் நிறுத்தினேன். கோன் அளவு, குத்தும் முறையெல்லாம் யாருக்கும் தெரியும். நான் பயப்படுவது வேறு விஷயங்களுக்கு.

வண்டியின் முதல் கான்கிரீட்

சாம்பிளுக்கு ஆகாது.

டெஸ்ட்டுக்கு அப்புறம் ஊற்றும் தண்ணீர்

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், மே மாதம், தரைத்தளத் தூண்களுக்கு எம்25 தரக் கான்கிரீட். வண்டி வந்ததும் ஸ்லம்ப் எடுத்தேன், 100. கியூபும் (பிறகு நசுக்கி வலிமை பார்க்கும் கனசதுரத் துண்டு) போட்டாயிற்று. அந்த நேரம் பார்த்து ஒரு தூண் பெட்டி (கான்கிரீட் ஊற்றும் அச்சு) விரிந்துகொண்டது. அதைச் சரிசெய்ய முக்கால் மணி நேரம். திரும்ப ஆரம்பித்தால் கலவை இறுகி, வண்டியிலிருந்து கான்கிரீட் இறங்கும் சாய்வுத் தகட்டில் ஜல்லி தனித்தனியாக உருண்டது. "சார், லைன் அடைக்குது, கொஞ்சம் தண்ணி விடலாமா?" என்றார் பம்ப் ஆபரேட்டர். தலையாட்டிவிட்டேன்.

அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 6 கன மீட்டர் வண்டி, கன மீட்டருக்கு 340 கிலோ என்றால் மொத்த சிமெண்ட் 2,040 கிலோ. தண்ணீர்-சிமெண்ட் விகிதம் 0.50 என்றால் 1,020 லிட்டர் தண்ணீர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. மேலே 100 லிட்டர் விட்டால் விகிதம் 0.55 ஆகிவிடும். மிதமான சூழலில் எம்25-க்கு இந்தியக் கான்கிரீட் தர விதியான ஐஎஸ் 456 அனுமதிக்கும் உச்சமே 0.50தான்.

28 நாள் கியூப் பாஸ். ஆகாமல் என்ன செய்யும்? தண்ணீர் விடுவதற்கு முன் எடுத்த கான்கிரீட் அல்லவா அது! பரப்பைத் தட்டி வலிமையைக் கணிக்கும் சுத்தியல் டெஸ்ட்டில் மூன்று தூண்கள் குறைவாகக் காட்டின. தூணைத் துளைத்துக் கோர் (உருளைத் துண்டு) எடுத்தோம். கோர்களின் சராசரி, வேண்டிய கியூப் வலிமையில் 85 சதவீதமாவது இருக்க வேண்டும்; எந்த ஒரு கோரும் 75-க்குக் கீழே போகக்கூடாது. இரண்டு தூண்கள் தேறவில்லை. சுற்றிலும் கொத்தி, கம்பி கட்டி, மறுபடி கான்கிரீட் போட்டோம். கியூப் ரிப்போர்ட்டைக் காட்டி நான் வாதாடியதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

வண்டி காத்திருந்தால், போடுவதற்கு முன் மறுபடி ஸ்லம்ப் எடுங்கள். குறைந்திருந்தால் கலவை தயாரித்த பிளாண்ட் ஆளைக் கூப்பிடுங்கள். மிக்ஸ் டிசைன் (கலவைக் கணக்கு) அனுமதிக்கும் அளவுக்குள் அட்மிக்ஸர் (தண்ணீர் விடாமலே கலவையை இளக்கும் ரசாயனம்) சேர்க்கட்டும். ஐந்து நிமிடமாவது டிரம் வேகமாகச் சுற்றட்டும். அப்புறம் மறுபடி ஸ்லம்ப், புதிதாகக் கியூப். அதற்கும் தேறாவிட்டால் வண்டியைத் திருப்பி அனுப்புங்கள். டிரைவர் கையில் ஹோஸ் இருக்கும்வரை வண்டியை விட்டு நகராதீர்கள்.

கான்கிரீட் ஒரு பக்கம் சரிந்தால்

அளக்க வேண்டாம், மறுபடி எடுங்கள். இரண்டாவதும் சரிந்தால் கலவைக்குப் பிடிப்பில்லை என்று அர்த்தம். அதை நோட்டில் அப்படியே எழுதுங்கள்.

காய்ந்த கோன்

ஈரத்துணியால் துடையுங்கள். தண்ணீர் தேங்கக்கூடாது.

வைப்ரேட்டர்

கான்கிரீட்டை அதிர்த்து இறுக்கும் இந்தக் கருவி பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தால், நிற்கும்வரை கோனைத் தூக்காதீர்கள்.