உணவுக் கொள்கை எழுதுகிறீர்களா? டெண்டரில் தொடங்குங்கள்

நிலைத்த, சத்தான, காலநிலை மாற்றத்தைத் தாங்கும் உணவு முறை என்று கொள்கை அறிக்கையின் முதல் பக்கத்தில் எழுதுவது சுலபம். பள்ளி, மருத்துவமனை, விடுதி, சிறைச் சமையலறைகளில் நாளை காலை என்ன மூட்டை வந்து இறங்கும் என்பதை அந்தப் பக்கம் தீர்மானிப்பதில்லை. கொள்முதல் ஒப்பந்தம்தான் தீர்மானிக்கிறது. மானியத்தையும் நிலச் சட்டத்தையும் மாற்றப் பல வருடம் பிடிக்கும். தன் பணத்தில் தானே வாங்கும் உணவை மாற்ற ஓர் அரசுக்கோ நகராட்சிக்கோ ஒரு கொள்முதல் ஆண்டு போதும்.

பழைய பில்களை எடுங்கள்

கடந்த 12 மாத பில்களை ஒரே அட்டவணையில் ஏற்றுங்கள்: பொருள், கிலோ, விலை, மாதம், விளைந்த இடம். பிறகு ஒவ்வொன்றையும் 10 உணவுத் தொகுதிகளில் ஒன்றில் போடுங்கள்: தானியமும் கிழங்கும், பருப்பு வகை, கொட்டையும் வித்தும், பால், இறைச்சியும் மீனும், முட்டை, அடர்பச்சைக் கீரை, வைட்டமின் ஏ நிறைந்த மற்ற காய்கனி, ஏனைய காய், ஏனைய பழம். 15 முதல் 49 வயதுப் பெண்களின் உணவில் எத்தனை வகை இருக்கிறது என்று அளக்க ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு பயன்படுத்தும் பிரிவினை இது. ஒரு நாளில் 5 தொகுதியாவது சாப்பிட்டிருக்க வேண்டும் என்பது அங்கே எல்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்த எல்லை அப்படியே பொருந்தாது, பிரிவினை பொருந்தும். எண்ணெயும் சர்க்கரையும் இந்தப் பத்தில் வராது, அவற்றைத் தனியாகக் காட்டுங்கள்.

வீணாவதையும் எடை போடுங்கள். அடுத்தடுத்து 5 வேலை நாள், 3 வாளி: நறுக்கும்போது கழிவது, சமைத்தும் பரிமாறாதது, தட்டில் மிஞ்சியது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி நிறுத்தால் ஒன்றும் புரியாது. முதல் வாளி கனத்தால் வாங்கும் தரத்தில் கோளாறு. இரண்டாவது கனத்தால் வருகைக் கணக்கில். மூன்றாவது கனத்தால் சுவையிலோ பரிமாறும் அளவிலோ.

ஒப்பந்தத்தின் வாசகம்

பொருளின் பெயரை எழுதாமல் தொகுதியை எழுதுங்கள். மாதிரி வாசகம்: “அடர்பச்சைக் கீரை, உண்ணத்தக்க பகுதி தலைக்கு 40 கிராம். இணைப்பிலுள்ள எந்தக் கீரையும் ஏற்கப்படும். மாற்றுவதானால் 48 மணி நேரத்துக்கு முன் தெரிவிக்க வேண்டும். மாற்றுப் பொருளும் அதே தொகுதியில் இருக்க வேண்டும்.” கடைசி வாக்கியத்தை விட்டுவிட்டால் வெள்ளம் வந்த வாரம் கீரைக்குப் பதில் கிழங்கு வந்து இறங்கும். எடை சரியாக இருக்கும், சத்துதான் இருக்காது. ‘உண்ணத்தக்க பகுதி’ என்று எழுதாவிட்டால் தண்டுக்கும் பணம் கொடுப்பீர்கள்.

காலநிலை அபாயத்தைப் பரவலாக்க 5 சப்ளையர்களைப் பிடித்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஐந்து பேரும் ஒரே ஆற்றுப் படுகையில் வாங்கினால் அது ஒரு சப்ளையர் இருப்பதற்குச் சமம். எந்தப் பொருளிலும் 40 சதவீதத்துக்கு மேல் ஒரே விளைபகுதியிலிருந்து வரக்கூடாது என்று எழுதி, பில்லில் விளைந்த இடத்தைக் குறிப்பதைக் கட்டாயமாக்குங்கள்.

ஆண்டு முழுமைக்கும் எல்லாப் பொருளுக்கும் ஒரே டெண்டர் விட்டால் சிறு விவசாயிகள் வெளியே போய்விடுவார்கள். பொருள், வட்டாரம், பருவம் என்று பிரித்து விடுங்கள்; வைப்புத்தொகையைக் குறையுங்கள். சட்டம் இடம் கொடுத்தால் பங்கையும் ஒதுக்கலாம். பிரேசில் 2009-ல் இயற்றிய சட்டம், பள்ளி உணவுக்கான மத்திய நிதியில் 30 சதவீதமாவது குடும்ப விவசாயிகளிடம் வாங்கச் சொன்னது. உள்ளூர்ச் சந்தை விலையோடு ஒத்திருந்தால் போட்டி டெண்டர் தேவையில்லை என்றும் வழிவிட்டது.

விலையை ஆண்டு முழுக்க ஒரே எண்ணில் கட்டாதீர்கள். சந்தை ஏறும் மாதத்தில் சரக்கு வேறு வாசலுக்குப் போய்விடும். முந்தைய மாதச் சராசரி மொத்த விலை, அதோடு போக்குவரத்துச் செலவு, சப்ளையருக்கு ஒரு சிறு லாப விகிதம் என்ற சூத்திரம் நிற்கும்.

தரத்தில் பளபளப்பு, சீரான உருவம் போன்ற நிபந்தனைகளைத் தூக்கிவிட்டு ஈரப்பதத்தை வையுங்கள். தானியத்தில் 13 சதவீதத்துக்கு மேல் போனால் கிடங்கில் பூஞ்சை பிடிக்கும், அஃப்ளாடாக்சின் நச்சு உருவாகலாம். எண்ணெய் வித்துக்கு வரம்பு இன்னும் குறைவு. லாரி வாசலில் நிற்கும்போதே, மேல் மூட்டையில் மட்டுமல்ல, அடுக்கின் நடுவிலும் அடியிலும் மாதிரி எடுத்து மீட்டரில் பாருங்கள்.

சமையலறையும் மற்றவையும்

சிறுதானியமும் முழுப் பருப்பும் ஊற வேண்டும், அதிக நேரம் வேக வேண்டும். அதற்கான பாத்திரமும் எரிபொருளும் சமைப்பவரின் கூலியும் கணக்கில் இல்லாவிட்டால் அவை வேகாமலே தட்டுக்குப் போகும், மூன்றாவது வாளியில் விழும். வாரத்தில் ஒரு நாள், பழகிய தானியத்தோடு ஐந்தில் ஒரு பங்கு கலந்து தொடங்குங்கள். கோபன்ஹேகன் நகரின் பொதுச் சமையலறைகள் இயற்கை வேளாண் பொருட்களின் பங்கை 90 சதவீதத்துக்கு அருகே கொண்டுபோனது பெரும்பாலும் சமையல்காரர் பயிற்சியாலும், இறைச்சியையும் விரயத்தையும் குறைத்ததாலும்தான்.

கூடவே செய்யக்கூடிய சட்ட வேலைகள் சில உண்டு. எண்ணெயை இறுக்கும்போது உருவாகி இதயத்தைக் கெடுக்கும் தொழிற்சாலை டிரான்ஸ் கொழுப்பு, கொழுப்பு 100 கிராமில் 2 கிராமுக்கு மேல் கூடாது என்று டென்மார்க் 2003-ல் வரம்பு வைத்தது. மெக்சிகோ 2014-ல் சர்க்கரை பானத்துக்கு லிட்டருக்கு ஒரு பெசோ வரி போட்டது; விற்பனை குறைந்தது.

வேளாண்மை, சுகாதாரம், கல்வி, நிதி என்று நாலு துறைக்கு நடுவே உணவு யாருடைய வேலையும் இல்லாமல் கிடக்கும். பிரேசிலின் பெலோ ஓரிசோன்ட்டே நகரம் 1993-ல் இதற்கெனத் தனித் துறையே அமைத்தது. அவ்வளவு முடியாவிட்டால், தனி பட்ஜெட் தலைப்பும் அதில் கையெழுத்திடும் அதிகாரமுள்ள ஒருவரும் வேண்டும். நிதித்துறை இல்லாத குழு கூடிக் கலைவதோடு சரி.

காலாண்டுக்கு 4 எண் போதும்: வாங்கிய தொகுதிகள், ஒரே பகுதியிலிருந்து வந்த அதிகபட்சப் பங்கு, மூன்று வாளிகளின் எடை, பில் வந்து பணம் போகப் பிடித்த நாட்கள். சிறு விவசாயிகளின் சரக்கு குறைந்தால் அபராத நோட்டீஸ் அனுப்பும் முன் நாலாவது எண்ணைப் பாருங்கள். அது 30 நாளைத் தாண்டியிருந்தால் கோளாறு உங்கள் கணக்குப் பிரிவில்.