முதல் முறையாக வைன் ஊருக்குப் போகிறீர்களா? ஷாத்தோநஃப்-து-பாப்பில் ஒரு நாள்

ஷாத்தோநஃப்-து-பாப் இருப்பது தெற்குப் பிரான்ஸில். அங்கே போவதென்றதும் பலர் ஒரே நாளில் ஆறு வைன் பண்ணைகளைச் சுற்றிவிடத் திட்டம் போடுவார்கள். அதைச் செய்யாதீர்கள். மூன்றாவது பண்ணையிலேயே நாக்கு மரத்துவிடும், அதற்கப்புறம் எது கொடுத்தாலும் ஒரே ருசிதான். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, அவ்வளவு போதும்.

படி 1: மாதம்

மே, ஜூன் நல்லது. ஜூலை, ஆகஸ்டில் வெயில் பின்னி எடுக்கும். செப்டம்பரில் அறுவடை, இங்கே திராட்சையைக் கையால்தான் பறிக்க வேண்டும் என்பது விதி என்பதால் பார்க்க அருமையாக இருக்கும், ஆனால் உங்களோடு நின்று பேச யாருக்கும் நேரம் இருக்காது. எந்த மாதமானாலும் காற்றுக்கு ஒரு மேல்சட்டை வேண்டும். மிஸ்திரால் என்ற வடகாற்று ரோன் பள்ளத்தாக்கு வழியாக இறங்கினால், வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும்போதே பல் கிட்டும்.

படி 2: போய்ச் சேருவது

பாரிஸில் கார் த லியோன் நிலையத்திலிருந்து (பெயரில்தான் லியோன், இருப்பது பாரிஸில்) பக்கத்து நகரமான அவிஞ்ஞோனுக்கு டிஜிவி என்ற அதிவேக ரயிலில் சுமார் 2 மணி 40 நிமிடம். டிஜிவி நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது, அங்கிருந்து சின்ன ரயிலில் ஐந்தே நிமிடத்தில் ஊருக்குள் போய்விடலாம். அவிஞ்ஞோனிலிருந்து ஷாத்தோநஃப் காரில் அரை மணி நேரம். ஓட்டுபவருக்கு ரத்தத்தில் ஆல்கஹால் வரம்பு லிட்டருக்கு 0.5 கிராம், புதிதாக உரிமம் எடுத்தவருக்கு 0.2 தான். அதனால் யார் ஓட்டுவது என்பதைக் காலையிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

படி 3: முன்பதிவு

எத்தனை பேர், எந்த மொழி, எத்தனை மணி என்று பண்ணைக்கு மூன்று வரி மின்னஞ்சல் போதும். பகல் 12 முதல் 2 வரை பல இடங்களில் கதவு சாத்தியிருக்கும். நான் ஒரு பண்ணைக்குப் பன்னிரண்டேகாலுக்குப் போய், பூட்டிய கேட்டுக்கு முன்னால் பிஸ்கட் தின்றுகொண்டு ஒன்றேமுக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், தப்பு முழுக்க என்னுடையது.

படி 4: முதலில் தோட்டம், அப்புறம் கிளாஸ்

பந்தலில் தொங்கும் கொடியை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும். இங்கே பழைய கொடிகள் இடுப்பு உயரத்துக்கும் கீழே, முறுக்கிய கட்டையாகத் தனித்தனியே நிற்கும். பல தோட்டங்களில் மண்ணே கண்ணுக்குத் தெரியாது, உள்ளங்கை அளவிலிருந்து தேங்காய் அளவு வரை வழவழப்பான உருண்டைக் கற்கள்தான். ஒரு காலத்தில் ரோன் ஆறு உருட்டிக்கொண்டு வந்தவை. மாலை ஏழு மணிக்கு ஒரு கல்லைத் தொட்டுப் பாருங்கள், இறக்கி வைத்த தோசைக்கல் மாதிரி இன்னும் சூடாக இருக்கும். பகலில் வாங்கிய சூட்டை இரவில் கொடிக்குத் திருப்பிக் கொடுக்கும். அனுமதிக்கப்பட்ட திராட்சை வகைகள் 13, பெரும்பங்கு கிரெனாஷ். செருப்பு வேண்டாம், கணுக்கால் பிசகும்.

படி 5: ருசி பார்ப்பது

உள்ளே நுழைந்ததும் ‘போன்ஜூர்’ (வணக்கம்) சொல்லுங்கள், அதைச் சொல்லாமல் கேள்வி கேட்டால் முகம் சுருங்கிவிடும். கிளாஸைத் தண்டில் பிடியுங்கள், நிறம் பாருங்கள், மெல்லச் சுழற்றி முகருங்கள், ஒரு சின்ன வாய் எடுத்து நாக்கு முழுக்கப் புரட்டி, பக்கத்தில் இருக்கும் பாத்திரத்தில் துப்பிவிடுங்கள். துப்புவது மரியாதைக் குறைவு இல்லை, வைன் செய்பவரே துப்புவார். இங்கத்திய சிவப்பு வைனில் 14, 15 சதவீதம் ஆல்கஹால் இருப்பது சகஜம், விழுங்கிக்கொண்டே போனால் மதியத்தோடு நாள் முடிந்துவிடும். துப்பத் தெரியாவிட்டால் முந்தின இரவு குளியலறையில் தண்ணீரை வைத்துப் பழகுங்கள். சிரிக்காதீர்கள், நான் பழகினேன்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ரொட்டியோடு வரும் தப்பனாத் என்ற ஆலிவ் துவையலில் பெரும்பாலும் நெத்திலி சேர்த்திருப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 6: கோட்டை மேடு

குடிக்காதவர்களுக்கும் இது ஒன்றே போதும். 1309 முதல் அவிஞ்ஞோனில் இருந்த போப்புகளில் இருபத்திரண்டாம் ஜான் கட்டிய கோட்டை இது, 1944ல் ஜெர்மன் படை வெடிவைத்ததில் கோபுரத்தில் பாதிதான் மிஞ்சியது. மேலே நின்றால் ஒரு பக்கம் ரோன், இன்னொரு பக்கம் வான்தூ மலை. சுற்றிலும் தெரியும் இந்தத் தோட்டங்களில் பறக்கும் தட்டுகள் இறங்கக் கூடாது என்று 1954ல் மேயர் ஓர் ஆணையே போட்டார், விளையாட்டில்லை, நிஜம்.

வாங்கிய பாட்டிலைக் கைப்பையில் வைக்காதீர்கள், விமான நிலையச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். இரண்டு காலுறைகளுக்குள் நுழைத்து, பெட்டியின் நடுவில் துணிகளுக்கிடையே படுக்க வையுங்கள்.