எம்.எல்.ஏ.விடம் மனு கொடுக்கப் போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் எங்கள் எம்.எல்.ஏ. அலுவலக வாசலில் சில இளைஞர்கள் நின்றிருந்தார்கள். கையில் நான்கு பக்க மனு, பதினொரு கோரிக்கை. பல வருடத்துக்கு முன் நான் எழுதியதையே மறுபடி பார்த்தது மாதிரி இருந்தது. மரியாதையாகப் பேசுங்கள், தேதி போடுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன்.

ஒரே மனுவில் ஊர்ப்பட்ட கோரிக்கை

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. எங்களுக்கு வேண்டியிருந்தது மழைநீர் வடிகால் ஒன்றுதான். போகிறதுதான் போகிறோம் என்று பேருந்து நிறுத்தம், ரேஷன் கடைக் கட்டடம், சாய்ந்த மின்கம்பம் எல்லாவற்றையும் சேர்த்தோம். வடிகால் ஏழாவது இடத்துக்குப் போனது. சிரித்த முகமாக வாங்கிக்கொண்டார்கள். முதல் கோரிக்கை பேருந்து என்பதால் தாள் நேராகப் போக்குவரத்துக் கழகத்துக்குப் போய்விட்டது. இரண்டு மாதம் கழித்துப் பதில்: நிறுத்தம் பரிசீலனையில் உள்ளது, மற்றவை இத்துறையைச் சார்ந்தவை அல்ல. அதோடு மனு முடிந்த கணக்கில் சேர்ந்தது. அந்த மழைக்கும் தெருவில் முழங்கால் தண்ணீர்.

அப்புறம் ஒரே பக்கத்தில் எழுதினோம். வடிகால் எங்கே தொடங்கி எந்த ஓடையில் சேர வேண்டும், எத்தனை மீட்டர், எத்தனை வீடு, மழை விட்ட மறுநாள் எடுத்த படம். கடைசி வரியில், தொகுதி மேம்பாட்டு நிதியில் இந்தப் பணியைச் சேர்க்க வேண்டும் என்று மட்டும் கேட்டோம். மதிப்பீடு போடப் பொறியாளர் வந்தார். மற்றதெல்லாம் துறைக்கு ஒரு தாளாகப் பிறகு போனது.

அந்த இளைஞர்களிடம் பதினொன்றில் எது முக்கியம் என்று கேட்டேன். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்.

ஆள் மாறிப் போவது

தெருவிளக்குக்கு எம்.பி.யைத் தேடுவார்கள், தேசிய நெடுஞ்சாலைக்குக் கவுன்சிலரைப் பிடிப்பார்கள். எம்.பி.க்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் தொகுதி நிதி உண்டு என்பது சரி. ஆனால் அந்தப் பணம் அவர் கைக்கு வருவதில்லை. அவர் பணியைப் பரிந்துரைப்பார். அனுமதிப்பது மாவட்ட நிர்வாகம். அதனால் அவரிடம் பணம் கேட்காதீர்கள், பரிந்துரைக் கடிதம் கேளுங்கள்.

பி.ஏ.வைக் கண்டுகொள்ளாமல் விடுவது

உங்கள் தாள் எந்தக் கட்டில் சேரும் என்பது அவர் கையில்.

மனு நகலில் ‘பெற்றுக்கொண்டோம்’ முத்திரை வாங்காமல் திரும்புவது

திரும்பிப் போய் வாங்குங்கள்.

தேர்தல் தேதி அறிவித்த பிறகு போவது

நடத்தை விதி அமலில் இருக்கும். எம்.எல்.ஏ.வே விரும்பினாலும் புதுப் பணி எதையும் தொடங்க முடியாது. வாக்குறுதி மட்டும் நிறையக் கிடைக்கும்.