இலையா, எலையா? தோட்டத்தில் எழுத்துச் சொல்லித்தரும்போது நேரும் தவறுகள்

விஜயதசமியன்று அரிசியில் பிள்ளையின் விரலைப் பிடித்து 'அ' எழுத வைப்பதில் குறை ஒன்றுமில்லை. மறுநாளே பென்சிலும் இரட்டைக்கோடு நோட்டும் வந்துவிடுவதுதான் கோளாறு. மூன்று, நான்கு வயதுக் கைக்கு 'அ' ஒரு சிக்கலான எழுத்து. சுழி, வளைவு, கோடு எல்லாம் அதில் உண்டு. அதைவிட 'ட'வும் 'ப'வும் எளிது, நேர்கோடுகளே போதும். மண் கிளறுவது, விதை பொறுக்குவது, கீரை கிள்ளுவது, மல்லிக்காய் உடைப்பது எல்லாம் பென்சில் பிடிக்க வேண்டிய அதே விரல்களுக்கான வேலைதான்.

இந்த வேலைகளைச் செய்ய விட்டாலும், பெரும்பாலும் தவறு நேர்வது காதில்தான். செடியின் முன்னால் அட்டையை நீட்டி "இ, இலை" என்கிறோம். பிள்ளை வீட்டில் கேட்டதோ 'எலை'. பேச்சுத் தமிழில், சொல்லின் முதலில் வரும் இகரத்துக்கும் உகரத்துக்கும் அடுத்த எழுத்தில் அகரமோ ஐகாரமோ இருந்தால், இ எகரமாகவும் உ ஒகரமாகவும் மாறிவிடும். விதை 'வெத' ஆகும், முளை 'மொள' ஆகும், துளசி 'தொளசி' ஆகும். தோட்டத்தில் அதிகம் புழங்கும் சொற்களே இந்த வலையில் விழுகின்றன என்பது வேடிக்கை. 'எலை' என்று கேட்ட பிள்ளை எ அட்டையை எடுத்தால் அதன் காது சரியாக வேலை செய்கிறது என்று பொருள். "தப்பு" என்று சொன்னால், கேட்ட ஒலியை நம்பக்கூடாது என்று அது கற்றுக்கொள்ளும்.

ஆகவே முதல் சில மாதங்களுக்குப் பேச்சிலும் எழுத்திலும் தொடக்கம் மாறாத சொற்களை எடுங்கள். இ என்றால் இஞ்சி, உ என்றால் உளுந்து, ஊ என்றால் ஊருணி, எ என்றால் எலுமிச்சை, ஆ என்றால் ஆவாரம்பூ, மு என்றால் முருங்கை, பு என்றால் புளி. இலையும் விதையும் பிறகு வரட்டும்; அப்போது "நாம எலைன்னு சொல்றோம், எழுதும்போது இலைன்னு எழுதுறோம்" என்று சொன்னால் போதும், நான்கரை வயதுக்கு அது விளங்கும். இதே கணக்கில் 'பரங்கி', 'பப்பாளி'யோடு 'பீன்ஸ்', 'பீட்ரூட்'டைச் சேர்த்து ஒரே ஒலி என்று சொல்லாதீர்கள். எழுத்து ஒன்றுதான், ஒலி வேறு.

கைதட்டி ஒலி பிரிக்கும்போது எழுத்தெண்ணித் தட்டுவதும் தவறு. த-க்-கா-ளி என்று நான்கு தட்டல்ல; தக்-கா-ளி, மூன்று. பூ ஒன்று, மல்லி இரண்டு, கொத்தமல்லி நான்கு. புள்ளி எழுத்துக்குத் தனித்தட்டு கிடையாது.

விதையால் எழுத்து முளைக்க வைப்பது எல்லோருக்கும் பிடித்த விளையாட்டு. கெடுவதும் அதுதான் அதிகம். வெறும் செம்மண்ணில் தூவினால் காய்ந்ததும் மேலே பொருக்குத் தட்டி முளையை அமுக்கிவிடும். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மட்கிய எரு ஒரு பங்கு கலந்துகொள்ளுங்கள். கீரை விதை வேண்டாம். பொடி விதை தண்ணீரில் நகர்ந்து எழுத்தைக் கலைக்கும், மிச்சத்தை எறும்பு இழுத்துப் போகும். வெந்தயத்தை ஓர் இரவு ஊறவைத்து, ஓரடி உயர எழுத்தாக விரலால் ஒரு சென்டிமீட்டர் பள்ளம் கீறி அதில் நெருக்கமாகப் போட்டு மூடுங்கள். பள்ளத்தைப் பிள்ளையே கீற வேண்டும், தொடங்கும் இடத்திலிருந்து சரியான திசையில். விதையைக் கண்டபடி ஒட்டி அலங்கரிப்பதால் எழுதும் போக்கு வராது. குவளையால் ஊற்றாமல், பாட்டில் மூடியில் ஊசித்துளை போட்டுத் தெளியுங்கள். மூன்று, நான்கு நாளில் பச்சை தெரியும். வெளிச்சம் ஒரு பக்கமே விழும் தாழ்வாரத்தில் வைத்தால் நாற்று சாய்ந்து எழுத்தும் கோணும்; முற்றத்தின் நடுவே வையுங்கள்.

தண்ணீர் தொட்டுத் தூரிகையால் தரையில் எழுதுவதற்கு ஆத்தங்குடிக் கல் பதித்த கூடம் ஏற்ற இடமல்ல. நனைந்தால் வழுக்கும், பூ வேலைப்பாட்டில் எழுத்தும் தெரியாது. வெயில் ஏறுமுன் கொல்லைப்பக்கச் சிமெண்டுத் தளமோ செங்கல் சுவரோ போதும். பத்து நிமிடத்துக்கு மேல் இழுக்க வேண்டாம்.

பெயர்ப்பலகைகளில் ஒரே நாளில் தண்டு, வேர், மொட்டு என்று இருபது மாட்டிவிட்டால் அவை அலங்காரமாக நின்றுவிடும். வாரத்துக்கு நான்கு, எழுத்து மூன்று சென்டிமீட்டர் உயரம், அழியாத மை. தினம் ஒன்றைப் பிடுங்கி மாற்றி நட்டு, "எது இடம் மாறியிருக்கு?" என்று கேளுங்கள்.

பிள்ளை "வெண்டக்கா மொளச்சிருச்சு" என்று சொன்னால் அதையே படத்தின் கீழ் எழுதுங்கள். திருத்தி எழுதினால் தன் பேச்சுதான் தாளில் இருக்கிறது என்பது அதற்குப் பிடிபடாது.

வேலியோரக் குன்றிமணி அழகாக இருக்கிறது என்று எண்ணவும் அடுக்கவும் கொடுத்துவிடாதீர்கள். அது கொடிய நஞ்சு. ஆமணக்கும் அரளியும் அப்படியே. கடையில் வாங்கிய விதையில் இளஞ்சிவப்போ பச்சையோ பூசியிருந்தால் அது மருந்து கலந்தது, பிள்ளை கை படக்கூடாது. கடலை, பட்டாணி மூக்கில் போனால் ஈரத்தில் ஊதிவிடும். மூன்று வயதுக்குக் கீழுள்ள தம்பி தங்கை பக்கத்தில் இருந்தால் புளியங்கொட்டைகூட வேண்டாம். மற்ற பிள்ளைகளுக்கு விதைகளைக் கொட்டானில் (சிறு ஓலைக்கூடையில்) எண்ணிக் கொடுத்து, முடிந்ததும் எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள்.