பின்னாடி நின்னு பாக்கட்டுங்களா?

கேம்ப் மைதானத்துக்குள் ஒரு வண்டி நுழைகிறது. ஜீப்புக்குப் பின்னால் கொக்கியில் மாட்டிய டிரெய்லராக இருக்கலாம், வேனையே வீடாக மாற்றிய கேரவனாக இருக்கலாம். ஓட்டுகிறவர் பின்னால் விடுகிறார், கோணலாகிறது, முன்னால் எடுக்கிறார், மறுபடியும் பின்னால் விடுகிறார். ஏற்கெனவே வந்து டென்ட் போட்டவர்கள் எல்லாம் டீ டம்ளரோடு அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த இடத்தில் நீங்கள் இருந்தால் எழுந்து போய் உதவலாம். ஆனால் போகிற விதம் ஒன்று இருக்கிறது. அதைத்தான் எழுதுகிறேன்.

நான் நீலகிரியில் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த மலையில் கண்டக்டருக்கு டிக்கெட் கொடுப்பது பாதி வேலைதான். கடைசி ஊரில் பஸ்ஸைத் திருப்பும்போது இறங்கிப் பின்னால் நின்று விசில் ஊதுவது மீதி வேலை. ஒரு பக்கம் டீத்தோட்டம், ஒரு பக்கம் பள்ளம், நடுவில் பஸ் நீளத்துக்குக் கொஞ்சம் கூட இடம் இருக்கும், அவ்வளவுதான். இப்போது கோத்தகிரி பக்கம் அக்கா மகன் கேம்ப் நடத்துகிறான். சாயங்காலம் அங்கே போய் உட்கார்ந்தால் பழைய வேலை தானாகவே வந்துவிடுகிறது.

எழுவதற்கு முன் அரை நிமிஷம் உட்கார்ந்தே பாருங்கள். ஓட்டுகிறவர் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, தானே இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்து ஏறுகிறாரா? அவருக்குத் தொழில் தெரியும், விட்டுவிடுங்கள். புருஷனும் பெண்டாட்டியும் பேசாமலே கையைக் காட்டி வேலையை முடிக்கிறார்களா? அங்கேயும் உங்களுக்கு வேலை இல்லை. கிளட்ச் கருகும் வாசனை வருகிறது, வெளியே நிற்கிற மூன்று பேர் மூன்று விதமாகக் கத்துகிறார்கள், உள்ளே இருப்பவர் பதிலுக்குக் கத்துகிறார் என்றால் எழுந்துவிடலாம். மேலே வந்து சேர்கிறவர்கள் பெரும்பாலும் களைத்துப்போய்த்தான் வருவார்கள். மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக 36 கொண்டை ஊசி வளைவு ஏறி, ஊட்டியைத் தாண்டி வந்தவருக்குத் தோளே இருக்காது. மேட்டுப்பாளையத்திலிருந்து வருகிறவர் குஞ்சப்பனை செக்போஸ்ட்டில் நின்றிருப்பார். 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கு வர இ-பாஸ் வேறு. அந்த நிலைமையில் இருக்கிறவரிடம் போய் ஓட்டத் தெரியாதவரிடம் பேசுவதுபோல் பேசக்கூடாது.

முன்பக்கமாக நடந்து, டிரைவர் ஜன்னலுக்குப் போங்கள். பின்னால் வருகிற வண்டியின் பின்பக்கத்திலிருந்து திடீரென்று முளைப்பதுபோல் ஆபத்து வேறு இல்லை. ஜன்னலில் நின்று ஒரே ஒரு கேள்வி: "தம்பி, பின்னாடி நின்னு பாக்கட்டுங்களா? வேண்டாம்னா சொல்லிருங்க." அந்த இரண்டாவது வரியை விட்டுவிடாதீர்கள். வேண்டாம் என்று சொல்ல வழி கொடுத்தால்தான் அவர் யோசித்துச் சொல்வார். வேண்டாம் என்றால் சரி என்று திரும்பி வந்து உங்கள் டீயைக் குடியுங்கள். வருகிற வழியில் "லெஃப்ட்ல கொஞ்சம் ஒடிச்சா போதும்" என்று ஒன்றைப் போட்டுவிட்டு வருவது உதவியில் சேராது.

கேட்பது ஓட்டுகிறவரிடம்தான். ஸ்டியரிங்கில் ஒரு பெண் உட்கார்ந்திருக்க, இறங்கி நிற்கிற வீட்டுக்காரரிடம் போய் "சார், நான் வேணா எடுத்துத் தரட்டுமா?" என்று கேட்கிற ஆட்களை வாராவாரம் பார்க்கிறேன். மலை ஏற்றிக்கொண்டு வந்தது அந்தம்மா. அவருக்கு மைதானத்தில் நிறுத்தத் தெரியாதா?

எடுத்துத் தருகிறேன் என்று யாரிடமும் சொல்லாதீர்கள். அவர்களே சாவியை நீட்டினாலும் வாங்காதீர்கள். அந்த வண்டியின் கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கும், பிரேக் எவ்வளவு மிதித்தால் நிற்கும் என்று உங்களுக்குத் தெரியாது; சரிவில் அதைக் கற்றுக்கொள்ள நேரமும் கிடையாது. ஏதாவது இடித்துவிட்டால் இன்சூரன்ஸில் ஓட்டியது யார் என்ற கேள்வி வரும். நீங்கள் அவருக்குக் கண் மட்டும்தான். கையும் காலும் அவருடையது.

அவர் சரி என்றதும் உடனே "வாங்க வாங்க" என்று ஆரம்பித்துவிடாதீர்கள். அவரை இறக்கி, நிறுத்தப்போகிற இடத்தைச் சேர்ந்து ஒரு சுற்று நடங்கள். கேம்ப் நடத்துகிறவர்களே சொல்லாத விஷயங்கள் அங்கே இருக்கும். சாக்கடைக்கு மேல் போட்ட சிமென்ட் பலகை ஆள் நடக்கத்தான் தாங்கும், வண்டிச் சக்கரத்தைத் தாங்காது. டீச்செடி ஓரம் பார்க்கக் கெட்டியாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறியிருந்தால் உள்ளே இறங்கிவிடும். இந்தப் பக்கத்துக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. 2009 நவம்பரில் கோத்தகிரி, குன்னூர் பக்கம் எவ்வளவு மண் சரிந்தது என்று இங்கே இருப்பவர்கள் மறக்கவில்லை. அதனால் பள்ளத்து ஓரத்திலிருந்து சக்கரம் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதை முதலிலேயே முடிவு செய்து, அந்த இடத்தில் ஒரு கல்லை வையுங்கள். பிறகு தலையைத் தூக்கிப் பாருங்கள். கேரவன் 9, 10 அடி உயரம் இருக்கும், அதற்கு மேல் ஏசிப் பெட்டி. சில்வர் ஓக் கிளை, கரண்ட் ஒயர், டென்ட்டுக்குக் கட்டின கயிறு எதுவும் ரிவர்ஸ் கேமராவில் தெரியாது.

அடுத்தது சைகை. இதை வண்டி நகர்வதற்கு முன்பே பேசி முடித்துவிட வேண்டும். பஸ்ஸில் ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு விசில் என்றால் போகலாம். ரிவர்ஸில் மட்டும் விட்டு விட்டு ஊதிக்கொண்டே இருப்பேன், நீளமாக ஒன்று ஊதினால் நிறுத்த வேண்டும். என்னோடு வண்டி ஓட்டிய டிரைவர்களுடன் இன்னொரு ஒப்பந்தமும் உண்டு. சத்தம் நின்றுவிட்டாலே வண்டியும் நிற்க வேண்டும். நான் வழுக்கி விழுந்திருக்கலாம், யாராவது குறுக்கே வந்திருக்கலாம், ஏன் என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம். விசில் இல்லாதவர்கள் கையால் வண்டியின் உடம்பைத் தட்டுவார்கள். மைதானத்தில் அது வேண்டாம். தட்டுகிற தூரத்தில் நின்றாலே நீங்கள் ஆபத்தான இடத்தில் இருக்கிறீர்கள்.

கண்ணாடியில் என் முகம் தெரியவில்லை என்றாலும் அதே சட்டம்: நிறுத்தியாக வேண்டும். "நான் உங்க கண்ணாடில தெரியலைன்னா பிரேக் அடிச்சிருங்க" என்று ஓட்டுகிறவரிடம் வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். ஜன்னலை இறக்கச் சொல்லுங்கள், பாட்டை நிறுத்தச் சொல்லுங்கள். குளிருது என்பார்கள், இரண்டு நிமிஷம்தானே.

வாயால் சொல்வதானால் சொற்களைக் குறைத்துக்கொள்ளுங்கள். டீசல் இன்ஜின் சத்தத்தில் "போதும்" என்பதும் "போலாம்" என்பதும் ஒன்றுபோலவே கேட்கும். நிறுத்துவதற்கு "ஸ்டாப்" போதும், எங்கள் ஆட்களுக்கு "ஓல்டேன்". "வரலாம், வரலாம், வரலாம்" என்று ஒரே ராகத்தில் இழுத்துக்கொண்டே போகிறவரிடம் எனக்கு எப்போதும் பயம். வாய் ஓடுகிற வேகத்தில் சுவர் வந்ததைச் சொல்ல மறந்துவிடும். அதற்குப் பதில் இரண்டு கையையும் அகட்டிப் பிடித்து, இடைவெளி குறையக் குறைய உள்ளங்கைகளை நெருக்கிக்கொண்டே வாருங்கள். எவ்வளவு மிச்சம் என்று அவருக்குக் கண்ணாலேயே தெரியும். திசையைச் சொல்ல வலது, இடது வேண்டாம். உங்கள் வலதா, அவருடைய வலதா என்று அவர் தடுமாறுவார். லாரிக்காரர்கள் மாதிரி "டிரைவர் சைடு", "கிளீனர் சைடு" என்றால் யாருக்கும் குழப்பம் வராது.

நிற்கிற இடம் டிரைவர் பக்கத்துப் பின் மூலையிலிருந்து நாலைந்து அடி வெளியே தள்ளி. வண்டிக்கும் சுவருக்கும் நடுவில், வண்டிக்கும் மரத்துக்கும் நடுவில் ஒருபோதும் நிற்காதீர்கள். ஈரப் புல்லில் சக்கரம் வழுக்கினால் ஓட்டுகிறவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தும் பயனில்லை. பின்பக்கமாகவே நடந்து போகாதீர்கள். வண்டியை நிறுத்தச் சொல்லி, திரும்பி நடந்து, அடுத்த இடத்தில் நின்றுகொண்டு, அப்புறம் வரச் சொல்லுங்கள். நிறுத்தினால் யாருக்கும் கோபம் வராது. குழந்தைகள் எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் வண்டியைச் சுற்றித்தான் ஓடுவார்கள். வீட்டுக்காரர்களில் ஒருவரைக் குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லலாம், சும்மா நிற்கிற மாமாவுக்கும் ஒரு வேலை ஆகும்.

டிரெய்லர் என்றால் கொஞ்சம் பொறுமை வேண்டும். பின்னால் விடும்போது ஸ்டியரிங்கை ஒரு பக்கம் ஒடித்தால் டிரெய்லர் மறுபக்கம் போகும். சமவெளியில் டிராக்டர் ஓட்டுகிறவர்களுக்கு இது மூச்சு விடுவதுபோல் பழக்கம். நகரத்திலிருந்து வருகிறவருக்கு அவசரத்தில் எல்லாம் தலைகீழாகிவிடும். நீங்கள் "லெஃப்ட்ல ஒடிங்க" என்று கத்தினால் ஸ்டியரிங்கை லெஃப்ட்டா, டிரெய்லரை லெஃப்ட்டா என்று அவர் தடுமாறுவார். அதனால் ஸ்டியரிங் பற்றிப் பேசவே பேசாதீர்கள். டிரெய்லரின் வால் எந்தப் பக்கம் வர வேண்டுமோ அந்தப் பக்கம் கையைக் காட்டுங்கள், மிச்சம் அவர் பாடு. அவருக்கே வரவில்லை என்றால் ஒரு வழி சொல்லலாம். ஸ்டியரிங்கின் அடிப்பாகத்தில் கையை வைத்துக்கொண்டு, வால் போக வேண்டிய பக்கமே கையை நகர்த்தச் சொல்லுங்கள். தலைகீழ்க் குழப்பம் அதில் தீர்ந்துவிடும். சின்ன டிரெய்லர்தானே என்று நினைக்க வேண்டாம். நீளமானதைவிடக் குட்டையானதுதான் சட்டென்று மடங்கும். ஜீப்பின் பின் மூலையில் போய் இடிக்கும். மடங்க ஆரம்பித்ததும் நிறுத்தி, முன்னால் எடுத்து நேராக்கச் சொல்லுங்கள். பின்னால் விட்டே சரிசெய்கிறேன் என்று போராட வேண்டாம்.

முடிந்தால் நிறுத்துகிற இடம் டிரைவர் பக்கம், அதாவது வலது பக்கம் இருக்கும்படி வண்டியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அப்போது ஜன்னலில் தலையை நீட்டியே டிரெய்லர் போவதை அவர் பார்க்கலாம். இதற்காக மைதானத்தை ஒரு சுற்று சுற்றி வர வேண்டியிருந்தாலும் பரவாயில்லை. கிளீனர் சைடில் ஒடித்து விடும்போது அவருக்கு ஒன்றும் தெரியாது, முழுப் பாரமும் உங்கள் தலையில்தான். இன்னொன்று, பின்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தால் முன்பக்கத்தை மறந்துவிடுவோம். வால் உள்ளே போகும்போது ஜீப்பின் மூக்கு வெளியே அகலும், அங்கேதான் பக்கத்து டென்ட்டுக்காரரின் அடுப்பு இருக்கும். கேரவன் என்றால் முன்னால் எடுத்து ஒடிக்கும்போது பின் சக்கரத்துக்குப் பின்னால் நீண்டிருக்கிற உடம்பு எதிர்ப்பக்கம் வீசும், பஸ்ஸுக்கும் அதே கதைதான். (கொடைக்கானலில் 2024 நவம்பரில் 12 மீட்டரைத் தாண்டிய பஸ்களுக்கும் கனரக வண்டிகளுக்கும் தடை போட்டார்கள். வளைவில் அந்த வால் என்ன செய்யும் என்று பார்த்தவர்களுக்கு அதில் ஆச்சரியம் இருக்காது.)

மூன்று மணிக்கு மேல் இங்கே மூடுபனி இறங்கிவிடும். இறங்கினால் கை சைகை செல்லாது, விசிலோ போனோதான். போனை ஸ்பீக்கரில் போட்டு வைத்துக்கொண்டு பேசலாம், சிக்னல் இருந்தால். டார்ச்சை ஓட்டுகிறவரின் கண்ணாடியில் அடிக்காதீர்கள், அவருக்குக் கண் கூசி எல்லாமே போய்விடும். நிற்க வேண்டிய இடத்தில் தரையில் அடியுங்கள். உங்களுக்கே எதுவும் தெரியவில்லை என்றால் "தம்பி, இப்படியே நிறுத்திக்கலாம், பனி விலகட்டும்" என்று சொல்வதில் வெட்கம் இல்லை. கேம்ப் ஆட்களிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

நீங்கள் பின்னால் நின்றதும் இன்னும் இரண்டு பேர் வருவார்கள், நம் ஊரில் அது நடக்காமல் இருக்காது. ஒருவர் வரலாம் என்பார், ஒருவர் வேண்டாம் என்பார். ஓட்டுகிறவரிடமே கேளுங்கள்: "யாரைப் பாக்கறீங்க, அவரையா என்னையா?" அவர் கையைக் காட்டுகிற ஆள் மட்டும் நிற்கட்டும், அது நீங்களாக இல்லாவிட்டாலும் சரி. வந்தவர்களைக் கிளை, மூக்கு என்று ஆளுக்கொரு மூலை பார்க்க வைத்து, உங்களிடம் மட்டும் சொல்லச் சொல்லலாம். ஆபத்து என்றால் "ஸ்டாப்" சொல்ல மட்டும் எல்லாருக்கும் உரிமை உண்டு.

வண்டி நின்றதும் வேலை முடிந்துவிடாது. ஹேண்ட் பிரேக், கியர் (மூக்கு மேட்டைப் பார்த்து நின்றால் முதல் கியர், பள்ளத்தைப் பார்த்து நின்றால் ரிவர்ஸ்), பிறகு சரிவுப் பக்கம் சக்கரத்துக்குக் கட்டை. கட்டை கொண்டு வராதவர்களுக்கு நல்ல கோணமான கல்லாகத் தேடிக் கொடுங்கள். உருண்டைக் கல் சக்கரத்தோடு உருண்டு போய்விடும். டிரெய்லரைக் கழற்றுவதென்றால் டிரெய்லரின் சக்கரத்துக்கும் கட்டை கொடுத்த பிறகுதான் கொக்கியைத் தொட வேண்டும். பாதுகாப்புச் சங்கிலி கடைசியில். கழற்றுகிற வேலையை அவர்களே செய்யட்டும், நீங்கள் காலை அடியில் கொடுத்துக்கொண்டு நிற்காதீர்கள்.

காசு நீட்டினால் வாங்க வேண்டாம், டீ கொடுத்தால் குடிக்கலாம். தண்ணீர்க் குழாய் எங்கே, கழிப்பறை எங்கே என்று காட்டுங்கள். சாப்பாடு, பழத்தோல் எதையும் வெளியே வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். கோத்தகிரியில் கரடி வீட்டு வாசல் வரைக்கும் வரும், காட்டெருமையும் வரும். ராத்திரி டார்ச் இல்லாமல் இறங்க வேண்டாம். அதற்கு மேல் உட்கார்ந்து ஊர்க்கதை பேசாதீர்கள், பாவம், அவர்கள் முதுகை நீட்டட்டும். காலையில் கிளம்பும்போது இன்னொரு முறை உதவி தேவைப்படும், அதை முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி யாராவது புதிதாக வந்து முன்னால் வண்டியை நிறுத்தியிருப்பார்கள்.