வத்தல்மலையில் உங்கள் வாட் கணக்கு சரியா?

தருமபுரியில் எங்களோடு சைக்கிள் ஓட்டுகிற தம்பிகளில் யாராவது பவர் மீட்டர் (மிதிக்கும் சக்தியை வாட்டில் அளக்கும் கருவி) வாங்கினால் முதலில் கேட்பது, "அண்ணா, இத்தனை வாட் நல்ல நம்பரா?" என்றுதான். அந்த நம்பர் சரியானதா என்று பார்த்துவிட்டு, அது நல்லதா என்ற பேச்சுக்கு வருவோம்.

மிதிக்கும்போது க்ராங்க் (பெடல் மாட்டியிருக்கும் கை) அல்லது பெடல் அச்சு கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. உள்ளே ஒட்டியிருக்கும் ஸ்ட்ரெய்ன் கேஜ் என்ற சென்சார் அதை அளந்து முறுக்குவிசையாக்குகிறது. அதைச் சுழலும் வேகத்தால் பெருக்கினால் வாட். ஆனால் உலோகம் வெயிலுக்கும் குளிருக்கும் மாறும். தட்டு காலியாக இருக்கும்போதே ஐம்பது கிராம் காட்டும் தராசு போல, மிதிக்காமலே ஒரு எண் உட்கார்ந்துகொள்ளும். அதை நீக்குவதுதான் ஜீரோ ஆஃப்செட்.

எங்கள் பக்கத்தில் இது முக்கியம். மார்கழியில் ஓசூர் குளிரில் கிளம்பி, ராயக்கோட்டை தாண்டிப் பாலக்கோடு வருவதற்குள் வெயில் ஏறிவிடும். அதனால் வீட்டுக்குள்ளிருந்து எடுத்தவுடன் ஜீரோ செய்யாதீர்கள். பத்துப் பதினைந்து நிமிடம் சைக்கிளை வெளியே நிறுத்துங்கள். க்ராங்கை நாலு சுற்று சுற்றி மீட்டரை எழுப்பி, பெடலில் காலே படாமல், கையேட்டில் சொன்ன நிலையில் க்ராங்கை வைத்து ஜீரோ செய்யுங்கள். டீக்கு நிற்கும் இடத்தில் இன்னொரு முறை. இரண்டு தடவையும் வரும் எண்ணைக் குறித்து வையுங்கள். எண் பெரிதா சிறிதா என்பது பொருட்டல்ல. வழக்கமாக வருவதிலிருந்து திடீரென்று எகிறினால் பேட்டரியையும் பெடல் இறுக்கத்தையும் பாருங்கள். பெடலைக் கழற்றி மாட்டியிருந்தால் சில தடவை அழுத்தி மிதித்து, அது உட்கார்ந்த பிறகு ஜீரோ செய்யுங்கள்.

பெடல் மீட்டர் என்றால் க்ராங்க் நீளத்தைச் சரியாகக் கொடுத்திருக்கிறோமா என்பதையும் பார்க்க வேண்டும். 170 மில்லிமீட்டர் க்ராங்குக்கு 172.5 என்று கொடுத்தால், 200 வாட் மிதிக்கும்போது 203 காட்டும். இடது பக்கம் மட்டும் அளக்கும் மீட்டர் அந்த எண்ணை இரண்டால் பெருக்கித்தான் காட்டுகிறது. இடது கால் 52 சதவீத வேலை செய்தால் 200 வாட் 208 ஆகிவிடும். மாதாமாதம் உங்களோடு உங்களை ஒப்பிட இது போதும். பக்கத்தில் ஓட்டுகிறவரோடு ஒப்பிட உதவாது.

அப்புறம், மலைதான் நமக்குக் கிடைத்த நல்ல சோதனைக்கூடம். காற்றில்லாத காலையில் வத்தல்மலை ஏறுங்கள். மெதுவாக ஏறும்போது காற்றின் எதிர்ப்பு மிகக் குறைவு. பெரும்பங்கு வேலை புவியீர்ப்புக்கு எதிராகத்தான். நீங்கள், சைக்கிள், தண்ணீர் பாட்டில், பை எல்லாம் சேர்த்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 300 மீட்டர் உயரத்தை 30 நிமிடத்தில் ஏறினால் 80 × 9.81 × 300 என்பதை 1800 வினாடியால் வகுக்க வேண்டும். 131 வாட் வரும். டயர் உருளும் தடை, செயின் இழப்பு, கொஞ்சம் காற்று எல்லாம் சேர்த்தால் சுமார் 145. மீட்டர் 120 என்று சராசரி காட்டினால் அது நடக்கவே முடியாத கணக்கு. 175 காட்டினாலும் சந்தேகப்படுங்கள். உயரத்தை வரைபடத்திலிருந்து எடுங்கள். காற்றழுத்தத்தை வைத்து உயரம் சொல்லும் பாரோமீட்டர் இல்லாத சாதனத்தின் ஜிபிஎஸ் உயரத்தை நம்ப வேண்டாம். எடையும் உத்தேசமாக வேண்டாம், கிளம்பும் கோலத்திலேயே எடை மெஷினில் ஏறிப் பாருங்கள். தொப்பூர் கணவாயில் இதைச் செய்து பார்க்க நினைக்காதீர்கள். லாரிகளுக்கு நடுவில் எந்த எண்ணும் உயிருக்கு ஈடில்லை.

பதிவு செய்யும்போது ஒரு வினாடிக்கு ஒரு பதிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். கார்மின் சைக்கிள் கணினியில் ஸ்மார்ட் ரெக்கார்டிங் இருந்தால் மாற்றிவிடுங்கள். அது இடையிடையே புள்ளிகளை விட்டுவிடும். பவர் சராசரியில் பூஜ்யங்கள் சேர வேண்டும், கேடன்ஸ் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று மிதிக்கிறோம்) சராசரியில் சேரக் கூடாது. பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறக்கத்தில் மிதிக்காமல் போகிற நேரமும் பயணத்தின் பகுதிதானே? அதை நீக்கிவிட்டால் சராசரி பொய்யாக உயரும்.

வீட்டுக்கு வந்ததும் கோல்டன் சீட்டா போன்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து, வரைபடத்தில் திடீரென்று எகிறி நிற்கும் முட்களை முதலில் தேடுங்கள். ஒரே வினாடி 1800 வாட், அந்த நேரத்தில் கேடன்ஸ் பூஜ்யம் என்றால் அது சிக்னல் கோளாறு. அந்தப் புள்ளியை மட்டும் திருத்துங்கள். விட்டுவைத்தால் நார்மலைஸ்டு பவர், அதாவது ஏற்ற இறக்கமாக மிதித்ததைச் சீராக மிதித்ததற்கு ஈடாக்கிக் காட்டும் வாட், கெடும். அது 30 வினாடி நகரும் சராசரியை நான்காம் அடுக்குக்கு உயர்த்திக் கணக்கிடுவதால், ஒரு முள்ளும் அதைக் கூட்டிக் காட்டும்.

எஃப்டிபி, அதாவது சுமார் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய வாட், தெரிய முழு மூச்சாக ஓட்டிய 20 நிமிடச் சராசரியை 0.95 ஆல் பெருக்குவது வழக்கம். பலருக்கு ஏற்றத்தில் வரும் வாட் சமதளத்தில் வராது. அதனால் மலையில் எடுத்த எஃப்டிபியை மலையில் எடுத்ததோடுதான் ஒப்பிட வேண்டும்.

சித்திரை வெயிலில் எண் குறைந்தால் உடனே உடற்பயிற்சி வீணாகிவிட்டது என்று மனம் உடையாதீர்கள். சீராக ஓட்டிய பயணத்தை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பாதியிலும் வாட்டை இதயத்துடிப்பால் வகுத்துப் பாருங்கள். இரண்டாம் பாதியில் அது 5 சதவீதத்துக்கு மேல் விழுந்தால் வெயிலோ, தண்ணீர் போதாததோ, களைப்போ வேலை செய்கிறது. அதற்கு முன் டீக்கடையில் குறித்த ஆஃப்செட் எண்ணை எடுத்துப் பாருங்கள். அது மாறியிருந்தால் குறைந்தது உங்கள் கால்தானா, மீட்டரா என்று அங்கேயே தெரிந்துவிடும்.