சிங்கப்பூர் போகிறீர்களா? குடையை மறக்காதீர்கள்

பூமத்திய ரேகைக்கு ஒரு டிகிரிதான் மேலே இருக்கிறது சிங்கப்பூர். காலையில் வெயில் கொளுத்தும். மதியத்துக்குப் பிறகு திடீரென இடியுடன் கொட்டித் தீர்க்கும். அதனால் வெளியே சுற்றும் வேலைகளைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். மழைக் கோட்டு வேண்டாம், உள்ளே வேர்த்துவிடும். சின்ன மடக்குக் குடை போதும். கூடவே ஒரு மெல்லிய சட்டை: வணிக வளாகங்களில் ஏசி குளிர் எலும்பைத் தொடும்.

எம்ஆர்டி என்ற மெட்ரோ ரயிலுக்குத் தனி அட்டை கட்டாயமில்லை. தொட்டுச் செலுத்தும் விசா, மாஸ்டர்கார்டு அட்டைகளே போதும். ஆனால் நுழையும்போது தட்டிய அதே அட்டையைத்தான் வெளியேறும்போதும் தட்ட வேண்டும். ரயிலுக்குள் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது, அபராதம் உண்டு. தாகமா? ஏறும் முன்பே குடித்துவிடுங்கள். குழாய்த் தண்ணீரே குடிக்க நல்லது. பாட்டில் வாங்குவது வீண் செலவு.

அப்புறம், உணவங்காடியில் காலி மேசைமேல் டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் யாரோ இடம் பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இலவசம் என்று எடுத்துவிடாதீர்கள்! சாப்பிட்ட தட்டை நீங்களே எடுத்து அதற்கான இடத்தில் வைக்க வேண்டும். 2021 முதல் அது சட்டம்.